எழுபது வளைவும் ஒரு சைலன்சரும்

பழைய காருக்கு வருகிற மற்ற வியாதியெல்லாம் சொந்தக்காரருக்குத்தான் முதலில் தெரியும். சைலன்சர் வியாதி மட்டும் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியில்தான் நமக்கு வந்து சேரும். எதிர் வீட்டுக்காரர், "என்ன சார், ஹெலிகாப்டர் வாங்கிட்டீங்க போல?" என்று விசாரித்தால் சின்ன ஓட்டை. காலையில் நீங்கள் வண்டியைக் கிளப்பும்போது மாடி வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதால் பெரிய ஓட்டை. வழக்கமாகத் துரத்துகிற தெரு நாய் எழுந்து ஒதுங்கி வழி விட்டால், சைலன்சர் நேற்றே எங்கேயோ ரோட்டில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

சைலன்சர் என்பது பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட பெயர். அமெரிக்காவில் மஃப்ளர் என்பார்கள். நமக்கு மஃப்ளர் என்றால் மார்கழிக் காலையில் காதை மூடிக்கொண்டு பால் வாங்கப் போகிற தாத்தாதான் ஞாபகத்துக்கு வருகிறார். 1897-ம் வருஷம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் இதற்குப் பேட்டண்ட் வாங்கினார்கள். அதற்கப்புறம் என்னென்னவோ மாறியும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. ஒரு இரும்புத் தகட்டு டப்பா, உள்ளே ஓட்டை போட்ட குழாய்கள், இரண்டு மூன்று அறைகள். அவ்வளவுதான்.

ஆனால் அந்த டப்பா செய்கிற காரியம் லேசானதல்ல. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 வெடி. நிற்காத தீபாவளிச் சரம்! ஒவ்வொரு வெடிக்கும் பாய்ந்து வருகிற புகை ஓர் அறையில் விரிந்து, ஓட்டைகளில் நுழைந்து, சுவரில் முட்டித் திரும்பி, எதிரே வரும் ஒலி அலையோடு மோதி, சண்டை போட்டே களைத்துப் போய் வெளியே வருகிறது. வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. உடும்பிடம் வந்து சேரும்போது அந்த அம்பு எவ்வளவு களைத்திருக்கும்! சைலன்சரின் கடைசி அறைக்கு வருகிற சத்தமும் அந்த மாதிரிதான்.

ஓரியைச் சும்மா இழுக்கவில்லை. இந்த வார விஷயம் நடந்தது அவர் ஆண்ட கொல்லிமலையில்.

★

நாமக்கல்லில் பாங்க் உத்தியோகத்தில் இருக்கிறார் ஒரு நண்பர். அவரிடம் ஒரு பிரீமியர் பத்மினி உண்டு. மாமனார் வழி வந்த சொத்து. 1089 சி.சி., ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் லீவர், கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற சத்தம். மும்பையில் டாக்ஸியாக ஓடிய பத்மினிகளில் கடைசி வண்டிகூட 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. இவருடையது மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறது. ஆடி பதினெட்டுக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை ஏறி, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஓரி விழா பார்த்துவிட்டு வருவது அந்த வீட்டு வழக்கம்.

கொல்லிமலை ரோடு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. அடிவாரத்தில் காரவள்ளி. அதைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் 70. ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை உண்டு. முதல் பத்தை உற்சாகமாக எண்ணுவார்கள். இருபதில் பேச்சு குறையும். நாற்பதில் பின் சீட்டிலிருந்து, "கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று குரல் வரும். ஐம்பதில் எலுமிச்சம்பழம்.

நண்பர் வீட்டிலும் இதுதான் நடந்தது. மனைவிக்குத் தலைவலி, இரண்டு பிள்ளைகளுக்கும் வாந்தி, அம்மா ஒன்றும் பேசாமல் சாய்ந்து தூங்கிவிட்டார். "மலை சுத்துது, வேறென்ன" என்று எல்லோருக்கும் ஆளுக்கொரு புளிப்பு மிட்டாய். மேலே பனி வேறு. கண்ணாடிகளை நன்றாக ஏற்றிவிட்டுக்கொண்டு போனார்கள்.

மறுவாரம் சத்தம் தாங்காமல் வண்டியை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனார். நாமக்கல் லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பேர் போன ஊர். வெல்டிங் பொறியில் விடிந்து வெல்டிங் பொறியில் அடைகிற ஊர். மெக்கானிக்குக்கு அறுபது வயசு இருக்கும். சாக்கை விரித்துப் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் சைலன்சரை ஒரு குத்து குத்தினார். அது பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

"ஏனுங்க, இது சைலன்சருங்களா, சல்லடைங்களா?"

"மலைக்குப் போறப்பவே சத்தம் இருந்துச்சுங்கண்ணா. வீட்ல எல்லாருக்கும் வேற தலை சுத்தல். எனக்கே மறுநாள் காலை வரைக்கும் தலைவலி..."

மெக்கானிக் சாக்கிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"வண்டிய ஓட்டுனது யாருங்க?"

"நான்தானுங்க."

"ஓட்டுறவருக்கு எப்படிங்க மலை சுத்தும்?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

★

வளைவில் தலை சுற்றுவது பின்னால் சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு. ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு அடுத்த திருப்பம் முன்கூட்டியே தெரிவதால் அவருக்கு அது அநேகமாக வராது. வந்தாலும் இறங்கி ஒரு டீ குடித்தால் போய்விடும். ஓட்டுகிறவர் உட்பட எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, இறங்கி மணிக்கணக்கில் ஆகியும் விடவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது மலையை அல்ல, காருக்கு அடியில் ஓடுகிற குழாயை.

அதன் வழியாகப் போகிற புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிரியத்தோடு இதைக் கட்டிக்கொள்கிறது. ஒருமுறை பிடித்தால் சுலபத்தில் விடாது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் உள்ளே போனதில் பாதி வெளியேற நாலைந்து மணி நேரம் ஆகும். முதலில் தலைவலி, குமட்டல், சோர்வு. அப்புறம் தூக்கம். அதற்குமேல் போனால் அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பதில்லை.

கொல்லிமலைக்குக் காவலாக ஒரு பாவை உண்டு என்பது பழைய நம்பிக்கை. கொல்லிப்பாவை. சிரித்தே ஆளை மயக்கிக் கொன்றுவிடுவாளாம். கார்பன் மோனாக்ஸைடு சிரிப்பதுகூட இல்லை.

இதில் மலை தன் பங்குக்கும் உதவி செய்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். பழைய கார்களில் இருக்கும் கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். காற்று குறைச்சல், பெட்ரோல் ஜாஸ்தி. அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்ஸைடு இன்னும் அதிகம். அதைச் சுத்தம் பண்ணுகிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் நம் நாட்டில் 1995 ஏப்ரலில்தான், அதுவும் நாலு பெருநகரங்களில் விற்கும் புதுக் கார்களுக்கு மட்டும், கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய வண்டியில் இன்ஜினுக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவில் இருப்பது ஒரு குழாய், ஒரு டப்பா, துருப்பிடித்த ஒரு தரைத் தகடு.

ஆக, சைலன்சரின் இரண்டாவது வேலை இதுதான்: விஷத்தை உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பின்னால் விடுவது. பெயரில் சத்தம் மட்டும் இருப்பதால் இந்த வேலையை மறந்துவிடுகிறோம்.

★

சைலன்சர் ஏன் இப்படி மக்கிப் போகிறது? மழையால் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. உள்ளேயிருந்துதான் அரிப்பு ஜாஸ்தி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியாவிட்டால் பத்தாவது படிக்கும் பையனிடம் சமன்பாடு போடச் சொல்லுங்கள். குழாய் சூடாக இருந்தால் அது ஆவியாகப் போய்விடும். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் சைலன்சர் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கும். புகையில் இருக்கிற அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு ராத்திரி பூரா சாவகாசமாகத் தின்னும். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். வாக்கிங் நமக்கு நல்லது மாதிரி அதற்கு இது.

நண்பர் புது சைலன்சருக்கு அலைந்தார். பத்மினிக்கு அசல் கம்பெனி சாமானுக்கு இனி வழியில்லை. சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் மாதிரி இடங்களில் பழசு கிடைக்கலாம். மெக்கானிக் வேண்டாம் என்றுவிட்டார். "கார்புரேட்டர் பழசு வாங்கலாமுங்க. சைலன்சர் பழசு வாங்குறது, அடுத்தவன் துருவக் காசு குடுத்து வாங்குற மாதிரிங்க."

புதுசை வாங்கும்போது அவர் பார்த்த விதம் தேங்காய் வாங்குகிற விதம். கையில் தூக்கி கனம் பார்த்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே கலகலத்தால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது என்று அர்த்தம். ஓரத்து மடிப்பு சுற்றிலும் விடாமல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். குழாயின் உள்வாய் பழைய அளவே இருக்கிறதா என்று பார்த்தார். குறுகலாக இருந்தால் இன்ஜின் மூச்சு முட்டும். பெரிசாக இருந்தால் பவர் கூடும் என்பது டீக்கடைப் பொறியியல்.

மாட்டியதில் கவனிக்க வேண்டிய விஷயங்களைச் சொல்கிறேன். உங்கள் மெக்கானிக் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

முதல் நாள் சாயந்திரமே துருப்பிடித்த போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு ஊற வைத்தார். அவசரப்பட்டுத் திருகியிருந்தால் போல்ட் ஒடிந்து மேனிஃபோல்டுக்குள்ளேயே தங்கியிருக்கும், செலவு இரண்டு மடங்கு. மேனிஃபோல்டில் திரும்பப் பூட்டும்போது பித்தளை நட். சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளாது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுசு.

வெல்டிங் வண்டிக்கு அடியில் அல்ல. பத்மினிக்குப் பெட்ரோல் டாங்க் பின்பக்கம் இருக்கிறது. அதன் கீழே பொறி பறக்கவிடுவது வீரமில்லை. வண்டியில் வைத்து அளவு பார்த்துச் சாக்பீஸால் கோடு போட்டு, கழற்றி வெளியே கொண்டுபோய்ப் பற்ற வைத்தார்.

எல்லாவற்றையும் முதலில் தொளதொளவென்று தொங்கவிட்டு, முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக முறுக்கினார். ஒரு முனையை முதலிலேயே இறுக்கிவிட்டால் மறுமுனை கோணிக்கொண்டு நிற்கும். தொங்கவிடும் ரப்பர்கள் புதுசு. "குழாய் ஆடணுமுங்க. ஆடாத குழாய் ஒடிஞ்சு போகும்."

அப்புறம் டீக்கடையிலிருந்து மூன்று பையன்களைக் கூப்பிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்து குதிக்கச் சொன்னார். சம்பளம் ஆளுக்கொரு பஜ்ஜி. பளு ஏறும்போது பின் ஆக்ஸில் மேலே வரும். அப்போது குழாயில் இடிக்கக் கூடாது. பிரேக் பைப், தரைத் தகடு எதையும் தொடாமல் சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி வேண்டும்.

கடைசியாக, வால் குழாய் பம்பரைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். ஓடுகிற காருக்குப் பின்னால் காற்று சுழன்று உள்வாங்கும். குழாய் குட்டையாக இருந்து, டிக்கி ரப்பர் பீடிங்கும் போயிருந்தால், பின்னால் விட்ட புகை முன்னாலேயே திரும்பி வரும். நண்பரின் வண்டியில் அந்த பீடிங்கையும் மாற்றி, தரையில் துருவிழுந்த இரண்டு இடத்தையும் தகடு வைத்து அடைத்தார்கள்.

★

மாட்டியாயிற்று, சத்தம் குறைந்துவிட்டது, பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் நாம் நினைப்போம். நம் மெக்கானிக் விடவில்லை. "சத்தம் போச்சுன்னா புகையும் போச்சுன்னு அர்த்தமில்லீங்க. சின்னக் கசிவு சத்தமே போடாது."

முதல் பரீட்சை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. ஸ்டார்ட் பண்ணி, தடியான ஈரத் துணியால் வால் குழாயைச் சில விநாடி பொத்த வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் புகை துணியைத் தள்ளும், இன்ஜின் திணறும். நீங்கள் பொத்தியும் அது பாட்டுக்கு ஓடினால், வேறெங்கோ வாசல் திறந்திருக்கிறது. 'புஸ்' சத்தத்தைத் தேடுங்கள். இரண்டாவது, இணைப்புகளில் சோப்பு நுரை. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான், குமிழ் விட்டால் கசிவு. முதல் நாள் புது பெயிண்ட் கருகுகிற புகை வரும். பயப்பட வேண்டாம். காலையில் வால் குழாயில் தண்ணீர் சொட்டினாலும் பயப்பட வேண்டாம்.

மூன்றாவது பரீட்சைக்குத்தான் கொல்லிமலை. இந்த முறை பிள்ளைகள் இல்லை. நண்பர், மெக்கானிக், ஒரு பை நிறைய ஸ்பேனர். கண்ணாடியெல்லாம் இறக்கி.

70 வளைவு பயணிகளுக்குத் தண்டனை, சைலன்சருக்குத் தேர்வு மண்டபம். இரண்டாவது கியரில் திணறி ஏறும்போதுதான் குழாயில் அழுத்தம் முழுசாக இருக்கும். மறைந்திருக்கிற கசிவு அப்போது 'டிக் டிக்' என்று வாயைத் திறக்கும். ஒரு பக்கம் பாறைச் சுவர் இருப்பதால் உங்கள் சத்தம் மோதி உங்கள் காதுக்கே திரும்பி வரும். நகரத்து ரோட்டில் இப்படிக் கேட்காது. வலது வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும், இடது வளைவில் மறுபக்கம். குழாய் எங்காவது இடித்தால் பத்து வளைவுக்குள் காட்டிக் கொடுத்துவிடும். இவர்களுக்கு மூன்றாவது வளைவிலேயே 'டங்' என்றது. ஒரு கிளாம்ப்பைக் கொஞ்சம் திருப்பினார்கள், நின்றது.

செம்மேட்டில் சாப்பிட்டு, வண்டி ஆறிய பிறகு எல்லா கிளாம்ப்பையும் மறுபடி முறுக்கினார்கள். சூடேறி ஆறினால் புதுப் பூட்டு இளகும். பாதிப் பேர் விட்டுவிடுவது இதைத்தான்.

இறங்கும்போது வேறு பரீட்சை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து கியரிலேயே இறங்கினால், எங்காவது சந்து இருந்தால் குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். எரியாத பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து 'பட் பட்' என்று வெடிக்கும். ஏறும்போது வெளியே போவது தெரியும், இறங்கும்போது உள்ளே வருவது தெரியும். நண்பரின் வண்டி காரவள்ளி வரைக்கும் ஒரு பட் கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தலைவலியும் இல்லை.

★

இதைப் படிக்கிற இளைஞர்களில் சிலர், "எங்களுக்கு சத்தம்தான் சார் வேணும்" என்று சைலன்சரைக் கழற்றிவிட்டு அதே 70 வளைவில் பைக்கில் ஏறுகிறவர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்பது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி. ஒலி, புகை விதிகளை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குக் கையை விட்டுப் போகும். பைக்காரர் திறந்த வெளியில் போகிறார், புகை காற்றோடு போய்விடும். கார்க்காரர் அதே ஆசையில் டப்பாவை எடுத்துவிட்டுக் குழாயைப் பாதியில் வெட்டினால், புகை நேரே பின் சீட்டுக்கு அடியில் இறங்கும். அங்கே யார் உட்காருவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

புதுக் கார் வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவதும், கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொண்டு நின்ற வண்டியில் தூங்குவதும் எந்த மாடலிலும் ஆபத்துதான்.

அடுத்த முறை மலையேறும்போது பின்னாலிருந்து, "தலை சுத்துது" என்று குரல் வந்தால், எலுமிச்சம்பழத்தை எடுப்பதற்கு முன்னால் நாலு கண்ணாடியையும் இறக்குங்கள். வண்டியை ஓரம்கட்டி எல்லோரையும் கீழே இறக்குங்கள். அப்புறம் ஓட்டுகிறவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு எப்படி இருக்கு?"